அந்த ஒரு வரியில் இருமியவள்

வெரெனீஸ் எக்சூமே தன் வாழ்நாளில் இரண்டு முறை சத்தியம் செய்தாள். இரண்டு முறையும் ஒரே இடம் வந்ததும் இருமினாள். முதல் முறை அமெரிக்காவில், மயாமியில், தொள்ளாயிரம் பேர் நின்ற ஒரு மண்டபத்தில். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை எங்கள் தீவில், ஃபோன் காயிமித் ஊர்க் கோர்ட்டில், ஏழெட்டுப் பேர் முன்னால். அதை நான் என் கையாலேயே எழுதிவைத்தேன். அந்தக் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். பெயர் தெராமேன். நல்ல கையெழுத்துக்காரன் என்று பெயர் வாங்கியவன். அந்தக் கையெழுத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அவளும் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். அவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், நாலு வயதுப் பையன் விஸ்லெரைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, படகேறி மயாமி போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் வேலை. கொதிக்கிற நீராவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மடிப்பது. எத்தனை களைப்பாக இருந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி பூசணி சூப் வைக்காமல் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வாள். நாடு விடுதலை பெற்ற நாளில் அந்தச் சூப்பைக் குடிக்காதவனை எங்கள் ஆள் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்.

அம்மா செத்தபோது வந்து, வீட்டுக்குப் பின்னால் தாத்தா நிலத்திலேயே கல்லறை கட்டினாள். பக்கத்திலேயே தனக்கும் ஓர் அறை கட்டி, நீலச் சுண்ணாம்பு அடித்து, தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் செதுக்கிவைத்தாள். அதற்கப்புறம் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம்தான், ஆளுக்கு முந்தி கல்லறை தயாராகிவிடும்.

அந்த நிலம் அவளுடைய தாத்தாவுடையது. பாகம் பிரிக்காதது. பாதி அவள் அப்பா வழி, பாதி சித்தப்பா மகன் ஓஸ்னெர் வழி. கடற்கரைச் சாலையை ஒட்டிய மண். ஓஸ்னெருக்குத் தன் பாதி போதவில்லை. முழுதாக இருந்தால்தான் ஹோட்டல் கட்ட வருகிறவர்கள் வாங்குவார்கள் என்று சந்தையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இதெல்லாம் அவள் திரும்பி வருவதற்கு முன்பே நடந்த பேச்சு.

தொண்ணூற்றொன்பதில் மூட்டுவலியோடும் மூன்று நீலப் பீப்பாய்ச் சாமான்களோடும் வந்து சேர்ந்தாள். ஊரில் கொஞ்ச நாள் எல்லோருக்கும் அவள் 'தியாஸ்போரா'தான். போய்விட்டுத் திரும்புகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பாதி மரியாதை, பாதி குத்தல். மீன் விற்கிறவள்கூட, "தியாஸ்போரா அம்மாவுக்குப் பெரிய மீனா பாத்து எடுத்து வை" என்பாள். விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும்.

"யாருடி தியாஸ்போரா?" என்று வெரெனீஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். "என் தொப்புள்கொடி எங்க புளியமரத்தடியில புதைச்சிருக்கு. உன்னுது எங்கடி இருக்கு, உனக்காவது தெரியுமா?"

சந்தையே சிரிக்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் ஒரு கணம் வெளுப்பதை நான் கவனித்திருக்கிறேன். சும்மா ஒரு கேலிக்கு ஏன் இப்படி என்று யோசித்ததும் உண்டு.

காரணம் ஒரு பிற்பகலில் தெரிந்தது. அவள் சமையல் கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஈரப்பலாவைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு மட்டும் சொல்றேன் தெராமேன். நான் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டேன்."

நான் காபிக் குவளையைக் கீழே வைத்தேன். அந்தக் காலத்துச் சட்டம் எனக்கு மனப்பாடம். வேறு கொடிக்குச் சத்தியம் செய்தவர் அந்தக் கணமே எங்களுக்கு வெளியாள். கடிதம் வராது, காரணம் கேட்கமாட்டார்கள். தூங்கி எழுந்தால் நாடு இல்லை. வெளியாள் ஒரு வீடு வைத்துக்கொள்ளலாம். தாத்தா நிலத்தில் பாகம் கேட்க முடியாது.

"ஏன் வாங்கின? உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"விஸ்லெருக்கு இருபத்தொண்ணு முடிய ஏழு மாசம்தான் இருந்துச்சு. அங்க தங்க விடுற பச்சை அட்டைய மட்டும் வச்சிக்கிட்டு பையனைக் கூப்பிடணும்னா வருஷக்கணக்கா வரிசையில நிக்கணும். குடிமகளா இருந்தா, இருபத்தொண்ணு முடியாத பிள்ளைய உடனே கூப்பிடலாம். இங்க அப்ப என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? வயசுப் பசங்களைக் காலையில ரோட்டோரத்துல எடுத்துட்டு வந்தாங்களே. நான் என்ன பண்ணியிருக்கணும், நீயே சொல்லு."

நான் குவளையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஆனா முழுசா வாங்கல," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க ஒவ்வொரு வரியா சொல்வாங்க, நாம திருப்பிச் சொல்லணும். 'வேற எந்த நாட்டு மேலயும் வச்ச விசுவாசத்தை விட்டுட்டேன்'னு ஒரு வரி வரும். அது வந்ததும் நான் இருமிட்டேன். வரி போற வரைக்கும் இருமினேன். அடுத்த வரியிலேருந்து சேர்ந்துக்கிட்டேன். அப்ப நான் விடலதானே? வாயால சொல்லாததைச் சாமி எப்படிக் கணக்குல சேர்க்கும்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவளுடைய நம்பிக்கை உண்மையானது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள். ஊரில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது முதல் ஆளாக நின்றாள். அந்த நாட்டு நீலப் பாஸ்போர்ட் மட்டும் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது. ஒரு இருமலின் பலத்தில் அவள் தன் நாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

இனி வருவது என் கதை. அதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது.

அவளிடம் பழைய தேவாலயப் பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. கறுப்பு அட்டை. அட்டையின் நடுவில் கையகலத்துக்கு ஒரு வட்ட ஒட்டுத்தாள், கொடி படம் போட்டு, ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும். எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு, நானும் கிட்டப் போய்ப் படித்ததில்லை. அவளை விட்டால் எங்கள் ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதிரியார், அவர் பேசமாட்டார். இன்னொருவன் ரேடியோப் பாடம் கேட்டுக் கற்றுக்கொண்ட நான். நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் பாதாம் மரத்தடியில் நின்றோம். வெரெனீஸ் மெழுகுவர்த்தி ஏற்ற உள்ளே போயிருந்தாள். புத்தகம் பெஞ்சில் கிடந்தது. ஓஸ்னெர் அதை எடுத்துப் பார்த்தான்.

"எழுத்தரய்யா, இதுல என்ன போட்டிருக்கு? உங்க ஆங்கிலம் வேலை செய்யுதான்னு பாப்போம்."

என் ஆங்கிலத்தைச் சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது. வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேலாகவே எட்டிப் படித்தேன். "'நான் ஓட்டுப் போட்டேன்.' இதுக்கு ஆங்கிலம் வேற வேணுமா? அமெரிக்காவுல ஓட்டுப் போட்டவங்களுக்கு ஒட்டி அனுப்புவாங்க."

சொல்லி முடித்ததும்தான் என் காதில் விழுந்தது.  ஓஸ்னெர் கைக்குட்டையை எடுத்து அட்டையைத் துடைத்தான். வெரெனீஸ் வெளியே வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தாங்க அக்கா. மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க."

 அதுவரை அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்த வாரமே அவன் தொலைபேசி நிலையத்துக்குப் போய்ப் பாஸ்டனில் இருக்கும் தம்பியிடம் வெகுநேரம் பேசினான். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவன் தலையாட்டிக்கொண்டே இருந்ததை ஊரே பார்த்தது. மறுநாள் வெரெனீஸ் வீட்டுக்கு ஈரப்பலாக் காய் நாலு அனுப்பினான். அதற்கு மறுநாள் தானே வந்தான். வெரெனீஸ் அதைச் சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

"இந்த ஓஸ்னெருக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. திடீர்னு பாசம் பொங்குது. உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் கேட்டான். 'அங்கல்லாம் எல்லாருக்கும் ஓட்டு உண்டா அக்கா'ன்னு கேட்டான். உண்டுன்னேன். 'குடியுரிமை இல்லாதவங்களுக்குமா'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டேன். பாலே வைக்கல." அவள் என்னைப் பார்த்தாள். "ஏன் தெராமேன் அப்படிக் கேக்குறான்?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன்.

அன்றைக்கே அவள் அந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதை ஏன் ஒட்டினாள் என்று அப்போதுதான் சொன்னாள். இங்கே தேர்தல் என்றால் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டுதான் பழக்கம். அங்கே ஐம்பத்துமூன்று வயதில் முதல்முதலாக ஓட்டுப் போட்டு வெளியே வந்தபோது, ஒரு கிழவன் சிரித்துக்கொண்டே அதை அவள் சட்டையில் ஒட்டிவிட்டானாம். தூக்கிப்போட மனசு வரவில்லை. சாமி புத்தகத்தில் ஒட்டிக்கொண்டாள். இப்போது ஒட்டுத்தாள் போய்விட்டது. ஆனால் வருஷக்கணக்கில் வெயில் படாத இடம் என்பதால், வெளிறிய அட்டையில் அந்த வட்டம் மட்டும் கன்னங்கரேலென்று பளிச்சென்று தெரிந்தது. ஒட்டுத்தாள் இருந்தபோது தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்தது.

பிறகு நில அளவைக்காரர் வந்தார். ஓஸ்னெர் நிழல் மாதிரி கூடவே நடந்தான். அளவுச் சங்கிலியை வீட்டைச் சுற்றிப் போட்டார்கள், புளியமரத்தைச் சுற்றிப் போட்டார்கள், கடைசியில் கல்லறைகளைச் சுற்றியும் போட்டார்கள். மரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு. வெரெனீஸ் கதவருகில் நின்று, "எதுக்குடா அளக்குற?" என்று கேட்டாள்.

"சும்மா அக்கா. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே."

அவளுக்காகக் கட்டியிருந்த காலி அறையின் முன்னால் ஓஸ்னெர் நின்று, குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தானாம். ஆழத்தைப் பார்த்த மாதிரி இருந்தது என்றாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கோழிகள் கத்தினால்கூட வெளியே வந்து பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் ஓஸ்னெர் கோர்ட்டில் மனுப் போட்டான். வெரெனீஸ் எக்சூமே வெளிநாட்டவள், தாத்தா நிலத்தில் அவளுக்குப் பாகம் இல்லை என்று. அவளுக்கு அனுப்பிய அழைப்பாணையை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ஊரில் வேறு எழுத்தர் இல்லை.

அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். 

"எங்கம்மா பக்கத்துல படுக்கத்தான் திரும்பி வந்தேன் தெராமேன். அந்த மண்ணைத் தவிர எனக்கு ஒண்ணும் வேணாம். விஸ்லெர் அங்க சௌக்கியமா இருக்கான், போன் பண்ணக்கூட நேரமில்லாத அளவுக்குச் சௌக்கியம். எனக்கு இது போயிடுச்சுன்னா நான் எங்க போய்ச் சாவேன்?"

"ஒண்ணும் போகாது," என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன். "அவன்கிட்ட காகிதம் கிடையாது. மயாமியில யார் யார் சத்தியம் பண்ணாங்கன்னு இங்க எந்தப் பட்டியலும் இல்ல. உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு, ஞானஸ்நானச் சீட்டு இருக்கு, வாக்காளர் அட்டை இருக்கு. நீதிபதி உன்னைச் சத்தியம் பண்ணச் சொல்வார். 'வேறு எந்த நாட்டுக் கொடிக்கும் நான் விசுவாசப் பிரமாணம் செய்ததில்லை'ன்னு சொல்லணும். ஒரே வரி. சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடு."

"பொய்ச் சத்தியமா?"

"நீதான் இருமிட்டியே. அப்ப பொய் எப்படி ஆகும்?"

அவள் அழைப்பாணையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த ஒட்டுத்தாள் விஷயத்தை நான் அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் அளவுக்கு வாயாடி ஊரில் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எட்டு மணிக்குக் கொடி ஏற்றினார்கள். வழக்கம்போல் தெருவே அசையாமல் நின்றது. கழுதைமேல் வந்தவன்கூட இறங்கி நின்றான். வெரெனீஸ் கஞ்சி போட்ட வெள்ளை உடையில் எல்லோரையும்விட விறைப்பாக நின்றாள். ஓஸ்னெர் கொடியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோர்ட்டில் இருந்த வேதப் புத்தகம் முந்தின வருஷப் புயலில் கூரையோடு போய்விட்டது. அதனால் சத்தியம் செய்ய வருகிறவர்கள் தங்கள் புத்தகத்தையே கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. வெரெனீஸ் தன் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் வேறு புத்தகம் இல்லை. மேஜையில் வைத்து, அந்தக் கறுப்பு வட்டத்தின்மேல் இடது கையை ஊன்றிக்கொண்டாள். வலது கையை உயர்த்தினாள்.

நீதிபதி லூபெரிஸ் கெட்ட மனிதர் அல்ல. காகிதங்களைப் பார்த்தார், ஓஸ்னெரின் பேச்சைக் கேட்டார். "ஒட்டுத்தாள் ஒட்டுத்தாள்னு சொல்றீங்க, எங்க அது?" என்று கேட்டார். ஓஸ்னெர் அவள் கையைக் காட்டினான். நீதிபதிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒரு அழுக்கைக் காட்டி மண்ணைக் கேக்குறியா? அம்மா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க, முடிச்சிடலாம். 'வெரெனீஸ் எக்சூமே ஆகிய நான்.'"

"வெரெனீஸ் எக்சூமே ஆகிய நான்."

"'இந்த மண்ணில் பிறந்து.'"

"இந்த மண்ணில் பிறந்து."

"'வேறு எந்த நாட்டுக் கொடிக்கும் விசுவாசப் பிரமாணம் செய்ததில்லை.'"

இருமல் வந்தது.

அறையில் எனக்கு மட்டுமே அதன் அர்த்தம் தெரியும். என் பேனா நின்றுவிட்டது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தாள். "மறுபடியும் சொல்லுங்கம்மா." அந்த வரி வந்ததும் மறுபடியும் இருமல். சலவைக்கூடத்து ஆவி நெஞ்சில் தங்கியிருக்கும் என்று நீதிபதி நினைத்திருக்கலாம். அது வேண்டுமென்று செய்ததா, தானாக வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். மூன்றாம் முறை கண்ணில் நீர் வரும்வரை இருமினாள்.

ஓஸ்னெர் மெதுவாகச் சொன்னான். "காத்திருக்கலாம் ஐயா. எனக்கு அவசரமில்ல. இருமல் நிக்கட்டும்."

அவள் புத்தகத்திலிருந்து கையை எடுத்தாள். நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்க தெராமேன். பையனுக்காக அங்க சத்தியம் பண்ணேன். அந்த வரி வந்தப்ப இருமினேன். இருமினா சொல்லலன்னு ஆயிடும்னு நினைச்சேன். அங்க இருமினது நிஜம்னா இங்கயும் இதைச் சொல்ல முடியணும். முடியல."

நான் எழுதினேன். உடம்பு சரியில்லை, விசாரணை ஒத்திவைப்பு என்று எழுதியிருக்கலாம். நீதிபதி கையெழுத்துப் போட்டிருப்பார், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஓஸ்னெர் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்தால் பாதாம் மரத்தடி வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

லே காய் நகரத்துப் பெரிய கோர்ட்டுக்கு அந்தப் பதிவு போனது. ஆறு மாதத்தில் தீர்ப்பு வந்தது. வெளியாள் ஒரு வீடு வைத்துக்கொள்ளலாம் என்பதால் வீடு அவளுக்கு. மண் ஓஸ்னெருக்கு. வாசல்படி வரைக்கும் அவளுடையது, படிக்குக் கீழே கால் வைத்தால் அடுத்தவன் நிலம். அவன் கள்ளிவேலி போட்டான். புளியமரத்தை வெட்டினான். அம்மா கல்லறையைத் தொடவில்லை, செத்தவர்களிடம் அவனுக்குப் பயம் உண்டு. பக்கத்திலிருந்த காலி அறையில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கி, அவள் பெயர் தெரிகிற மாதிரி அப்படியே விட்டுவைத்தான்.

பதினொரு நாள் அவள் ஜன்னலிலிருந்து அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து நீலப் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

பின்னால் சட்டம் மாறிவிட்டது. இப்போது இரண்டு நாட்டையும் வைத்துக்கொள்ளலாமாம். நல்லது. மாறிய சட்டம் என் பதிவேட்டில் இருக்கிற அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடாது. அவள் மயாமியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் புல்தரையில் படுத்திருக்கிறாள்.

அவள் கிளம்பிய காலையில் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். வேறு யாரும் வரவில்லை. பெட்டியைக் கூரைமேல் போட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். டிரைவர் ஏறிய பிறகு கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியல தெராமேன். ஓஸ்னெருக்கு ஆங்கிலத்துல ஒரு எழுத்துத் தெரியாது. அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு அவனுக்கு யார் படிச்சுக் காட்டினது?"

வாயைத் திறந்தேன். எனக்கு இருமல் வந்தது.

நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபம்கூட இல்லாமல். பிறகு பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.